எலினோர் அரசியும் எங்கள் சரித்திர பாடவேளையும்

உயர்தர வகுப்பில் ஐரோப்பிய சரித்திரம் படித்தவர்களுக்கு பிரான்சின் தென்மேற்குப் பகுதியான அக்கித்தேனின் எலினோரை மறந்திருக்காது. முதலில் பிரான்சுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் அரசியானவள். இன்று புலம்பெயர்ந்த நாடுகளின் புத்தகக் கடைகளில் அவளைப் பற்றிய நாவல்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவை காதல், பொறாமை, நஞ்சுக் கிண்ணம். எங்கள் சரித்திர சேர் அந்தப் பக்கமே போகமாட்டார். வெண்கட்டியை எடுத்து வம்சமரம் போடுவார்.

உச்சியில் பொது மூதாதை, கீழே இரண்டு கிளை, தலைமுறைக்கு ஒரு கோடு. பிரான்சின் இரண்டாம் ரொபேர்ட் மன்னனிலிருந்து அவளது முதல் புருஷன் ஏழாம் லூயிக்கு 4 கோடு, எலினோருக்கு 5. அக்காலத் திருச்சபை 7 தலைமுறை வரை உறவுத் திருமணத்தைத் தடுத்தது. மச்சாளைக் கட்டுவதை உரிமையாகவே நினைக்கும் ஊரில் பிறந்த எங்களுக்கு இது பெரிய சிரிப்பு. இதைக் காட்டித்தான் 1152 மார்ச் 21இல் போஜான்சி நகரில் அந்தக் கலியாணம் செல்லாது என்றார்கள். அடுத்து சேர் இன்னொரு மரம் போடுவார்: ஆஞ்சூ எர்மென்கார்டிலிருந்து எலினோருக்கு 4 கோடு, பின்னாளில் இங்கிலாந்து மன்னனான அவளது இரண்டாவது புருஷன் ஹென்றிக்கும் 4. லூயியைவிட நெருங்கிய சொந்தம்! ஆனாலும் எட்டே வாரத்தில், மே 18இல், பொய்த்தியேயில் அவனுக்கும் அவளுக்கும் கலியாணம். உறவுமுறை வெறும் சாட்டு என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறும்.

உண்மையான காரணம் வேறு. 15 ஆண்டில் பிறந்தவை இரண்டும் பெண்பிள்ளைகள். அதற்கு முன்னமே 1148இல் சிலுவைப்போருக்குப் போன இடத்தில், அந்தியோக்கியாவில், முறிவு விழுந்துவிட்டது. அவளது சிற்றப்பன் ரேமண்ட் அலெப்போவைத் தாக்கச் சொன்னான். லூயி எருசலேமுக்கே போவதென்று நின்றான். எலினோர் சிற்றப்பன் பக்கம். ஊர்வாய் அதைக் கள்ள உறவாக்கியது, நாவல்கள் அதையே பிடித்துக்கொண்டன. படை எந்தத் திசையில் போவதென்ற சண்டையை எழுதினால் கதைக்கு இன்னும் சூடு ஏறும்.

பலர் சறுக்கும் இன்னொரு இடம் காணி. அக்கித்தேன் அவள் தகப்பன் வழிச் சொத்து. புருஷனுக்கு அவள் மூலமாகவே ஆளும் உரிமை. கலியாணம் கலைந்ததும் நிலம் அவளோடே திரும்பிவிட்டது. லூயி இழந்ததை 19 வயது ஹென்றி வாரிக்கொண்டான்.

அவனுக்கு எட்டுப் பிள்ளைகள் பெற்றாள். 1173இல் சினோன், லூதன், மிரெபோ ஆகிய மூன்று கோட்டைகளையும் ஹென்றி கடைக்குட்டி ஜோனுக்கு எழுத, முடி சூடியும் அதிகாரம் இல்லாதிருந்த மூத்தவன் வெகுண்டு தகப்பனுக்கு எதிராகக் கிளம்பினான். தாய் மக்கள் பக்கம் நின்றாள். ஆணுடையில் தப்பப் போனவளைப் பிடித்தார்கள். 1189இல் ஹென்றி சாகும்வரை காவல்தான். இருட்டறை என்று எண்ணவேண்டாம். கோட்டைக்குக் கோட்டை மாற்றினார்கள், சில பண்டிகைகளுக்கு அரசவைக்கும் கூட்டிவந்தார்கள். ஹென்றியின் காதலி ரோசமண்ட் இறந்தது ஏறக்குறைய 1176இல். எலினோர்தான் நஞ்சு கொடுத்தாள் என்பது கதை; அந்நேரம் காவலில் இருந்தவள் எப்படி நஞ்சு கொண்டுபோவாள்?

ஹென்றியோடு கதையை முடிக்கும் நாவலாசிரியர்கள் நல்ல பகுதியைக் கைவிடுகிறார்கள். சிறைப்பட்ட மகன் ரிச்சர்டின் மீட்புப் பணத்துக்கு 1,00,000 மார்க் வெள்ளி திரட்ட முன்னின்றபோது அவளுக்கு ஏறக்குறைய 70 வயது. 1200இல் பிரனீஸ் மலை கடந்து காஸ்தீலுக்குப் போய்ப் பேத்தி பிளாஞ்சைக் கூட்டிவந்தாள். அந்தப் பேத்தி கைப்பிடித்தது ஏழாம் லூயியின் பேரனை.