மருந்துக்கு முன் எண்ணிக்கை: ஒரு லாயத்தின் நாட்குறிப்பு

14 செப்டம்பர் 2024

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் எல்லாக் குதிரைகளுக்கும் குடற்புழு முட்டைகளை எண்ணிவிட வேண்டும் என்பதால், விடியற்காலையிலேயே லத்தி சேகரித்தோம். விழுந்து வெகுநேரமான லத்தி இதற்கு உதவாது. சூட்டில் முட்டைகள் பொரிந்துவிட்டால் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். ஆகவே விழுந்தவுடன் எடுத்து, உறையில் காற்றில்லாமல் முடிந்து, குதிரையின் பெயரை எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தோம்.

15 செப்டம்பர்

லத்தி 4 கிராம், இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கல்லுப்பைக் கரைத்த நீர் 26 மில்லி. கலக்கி வடிகட்டினால் முட்டைகள் உப்புநீரில் மிதந்து மேலெழும். முட்டைகளை எண்ணுவதற்கென்றே கட்டமிட்ட மெக்மாஸ்டர் கண்ணாடியை நுண்ணோக்கியில் வைத்து, அதன் இரு அறைகளிலும் தெரிவனவற்றைக் கூட்டி 25ஆல் பெருக்கினால், ஒரு கிராம் லத்தியில் எத்தனை முட்டைகள் என்பது கிடைக்கும்.

வளர்ந்த குதிரைகள் எட்டில் ஐந்துக்கு 100 அல்லது அதற்கும் கீழே. மட்டக்குதிரை மணிக்கு 1150, மற்ற இரண்டுக்கு 800, 650. 200க்குக் கீழே இருப்பவை குறைவாக முட்டையிடுபவை, 500ஐத் தாண்டுபவை மிகுதியாக இடுபவை என்பது பொதுவாகக் கொள்ளப்படும் வகுப்பு. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக் குதிரைகள்தாம் மேய்ச்சல் நிலத்தில் விழும் முட்டைகளில் ஐந்தில் நான்கு பங்கை இடுகின்றன என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. எங்கள் லாயத்தில் விலா எலும்பு தெரியும் கிழட்டுக் குதிரைக்கு ஒரு முட்டைகூட இல்லை. மின்னும் மயிரும் கொழுத்த உடலுமாக நிற்கும் மணிதான் முதலிடம். உடலைப் பார்த்து மருந்து கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே போதும்.

18 செப்டம்பர்

"வருசா வருசம் எல்லாத்துக்கும் ஒரேயடியா மருந்து குடுத்துட்டாத்தானுங்க தம்பி வேலை முடியும்?" என்றார் பழனியண்ணன். லாயத்தில் மூத்தவர், கேள்வியில் நியாயமும் இருக்கிறது. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் ட்ரட்ஜும் லயன்ஸும் 1966இல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருந்து என்ற முறையை முன்வைத்தபோது, குடலுக்குச் செல்லும் தமனியைச் சேதப்படுத்திக் குதிரையைக் கொல்லும் பெருஞ்செம்புழுதான் பெரும் எதிரி. அந்த முறை அதனை ஒடுக்கியது உண்மை. ஆனால் அதே மருந்தை அடிக்கடி சந்தித்த, அளவில் சிறிய இன்னொரு வகையான சிறுசெம்புழுக்களில் தப்பிப் பிழைத்தவையே பெருகின.

"மருந்தே படாத புழு கொஞ்சம் நிலத்துலயும் மத்த குதிரைகள்லயும் இருக்கட்டுங்க அண்ணே. மருந்துக்குச் சாகுற வம்சம் அதுதான். அதையும் அழிச்சுட்டா, சாகாதது மட்டும்தான் மிஞ்சும்" என்றேன். குறைந்த எண்ணிக்கையுள்ள ஐந்து குதிரைகளை விட்டுவைப்பது சிக்கனத்துக்காக அன்று, இதற்காகத்தான்.

குட்டி இந்தக் கணக்கில் சேராது. அதன் லத்தியில் தடித்த ஓடும் பழுப்பு நிறமும் கொண்ட உருண்டைப்புழுவின் முட்டைகள் தெரிந்தன. ஒரு வயதுக்குட்பட்டவற்றுக்கு மருத்துவர் வகுக்கும் தனி அட்டவணைப்படிதான் மருந்து.

19 செப்டம்பர்

மூன்று குதிரைகளுக்கும் மருத்துவரின் ஒப்புதலோடு, கையிருப்பில் இருந்த ஃபென்பெண்டசோல் கொடுத்தோம். இனி இது குதிரைக்கு மட்டுமான சோதனையன்று, மருந்துக்கும்தான்.

3 அக்டோபர்

பதினான்காம் நாள் எண்ணிக்கை: 725, 550, 375. மூன்றின் கூட்டுத்தொகை 2600இலிருந்து 1650 ஆகியிருக்கிறது. 37 விழுக்காடுகூடக் குறையவில்லை. இந்த வகை மருந்துக்கு முட்டைகள் குறையும் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலே புழுக்களுக்கு எதிர்ப்பாற்றல் இருப்பதாகக் கொள்வார்கள். கடைக்காரர் சொல்வதுபோல் அளவைக் கூட்டிக் கொடுப்பது தீர்வாகாது.

4 அக்டோபர்

மூன்றுக்கும் வேறு வகை மருந்து: ஐவர்மெக்டின் பசை, உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். கண்மதிப்பில் எடை சொன்னால் பெரும்பாலும் குறைவாகவே சொல்வோம். குறைந்த அளவு மருந்து எதிர்ப்பை வளர்க்கும். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் கிலோ வரும். மணிக்கு 140 செ.மீ. சுற்றளவு, 132 செ.மீ. நீளம், 218 கிலோ.

18 அக்டோபர்

மூன்றுக்கும் சுழியம். முட்டை இல்லை என்பதற்குப் புழுவே இல்லை என்று பொருளன்று: குடற்சுவரில் புதைந்து உறங்கும் இளம்புழுக்கள் முட்டையிடுவதில்லை, நாடாப்புழுவின் முட்டையும் இந்தச் சோதனையில் நம்பத்தக்கபடி அகப்படாது. பெருஞ்செம்புழு, சிறுசெம்புழு ஆகியவற்றின் முட்டைகளும் பார்வைக்கு ஒன்றே என்பதால், பிரித்தறிய லத்தியிலேயே இளம்புழுக்களை வளர்த்துப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் 1999 முதல் சோதனைக்குப் பின்னரே மருந்துச்சீட்டு என்று சட்டமானது. பின்னர் சோதித்து மட்டுமே மருந்து கொடுத்த பண்ணைகளில் பெருஞ்செம்புழு அதிகமாகத் தென்பட்டது. எண்ணுவதோடு நின்றுவிட வேண்டாம் என்பதால், வளர்ப்புச் சோதனைக்கும் லத்தியை அனுப்பியிருக்கிறேன்.

29 நவம்பர்

ஐவர்மெக்டின் கொடுத்து எட்டாவது வாரம். மணிக்கு 175, மற்ற இரண்டுக்கு 25, 0. வளர்ப்புச் சோதனையில் பெருஞ்செம்புழு தெரியவில்லை. மழை ஓயாததால் மேய்ச்சல் நிலத்து லத்தியை வாரம் இருமுறை அள்ளுவதைப் பழனியண்ணன் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இப்போதைக்கு யாருக்கும் மருந்து இல்லை. அடுத்த எண்ணிக்கை சனவரியில்.