விந்துப்பையையும் கட்டி என்று அளந்தேன்: எலி எம்ஆர்ஐ அனுபவம்

எலிகளின் புராஸ்டேட் புற்றுக்கட்டியை எம்ஆர்ஐ படங்களில் வரைந்து அளப்பது என் வேலை. மூன்று மாத அளவுகளை மறுபடியும் வரைந்து நேற்றுத்தான் முடித்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் நாட்களையும், அதைவிட முக்கியமாக எலிகளையும், வீணாக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பவை டிராம்ப் (TRAMP) எலிகள். 1995இல் ஹூஸ்டனில் நார்மன் கிரீன்பெர்க் குழுவினர் அறிமுகப்படுத்திய வகை. எஸ்வி40 வைரஸின் மரபணு புராஸ்டேட்டில் வேலை செய்யும்படி மாற்றியிருப்பதால், கட்டி அங்கே தானாகவே வளரும். வயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் அது பெரிதாகிவிடும். எம்ஆர்ஐ இருந்தால் ஒரே எலியை வாரக்கணக்கில் தொடரலாம், அளவு பார்க்க ஒவ்வொரு முறையும் ஓர் உயிரைப் பறிக்க வேண்டாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி சிக்கலில்லாமல் வந்தது.

முதல் நாளே அடி விழுந்தது. ஆறு எலிகளோடு போனேன். ஸ்கேன் அறை வாசலிலேயே தொழில்நுட்பர் நிறுத்திவிட்டார். எலிகளின் காதில் எஃகு டேக்! உள்ளே இருப்பது 7 டெஸ்லா காந்தம், காதோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். அவர் மறுத்தது சரிதான். ஆனால் முன்பதிவுப் படிவத்தில் ஒரு வரி கேட்டிருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. ஏனென்றால் வெளியே வந்த எலிகளைத் தொற்று பயத்தால் பழைய அறைக்குள் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். ஆறுக்கும் வேறு இடம் பிடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அப்புறம் டேக்கைக் கழற்றிவிட்டு, காது ஓரத்தில் வெட்டு அடையாளம் வைத்தோம். வயிற்றைத் திறந்து புற்றணுக்களைப் புராஸ்டேட்டில் செலுத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். தையலுக்குப் பதில் உலோகக் கிளிப் போட்டால், பார்க்க வேண்டிய இடமே படத்தில் கருப்பாகக் குழம்பிவிடும்.

ஐசோஃப்ளூரேன் மயக்கம், வெதுவெதுப்பான காற்று, மூச்சோடு ஒத்திசைத்துப் படமெடுப்பது எல்லாம் ஒரே வாரத்தில் கைவந்துவிட்டன. ஒன்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை: எலி மயக்கத்தில் கிடக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்துகொண்டே போகும், புராஸ்டேட்டைத் தள்ளிவிடும். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடம் மாறியிருக்கும். படுக்க வைக்கும் முன் அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிடுங்கள்.

பெரிய தவறு அளப்பதில்தான் நடந்தது. எம்ஆர்ஐ உடலை மெல்லிய துண்டு துண்டாகப் படமெடுக்கும். ஒவ்வொரு படத்திலும் கட்டியின் எல்லையை வரைந்து, பரப்புகளைக் கூட்டி, ஒரு துண்டின் தடிமனால் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். ஓர் எலிக்கு 820 கன மில்லிமீட்டர் வந்தது. திசு ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான், அதனால் எடை 820 மில்லிகிராமை ஒட்டி இருக்க வேண்டும். அறுத்து எடுத்து நிறுத்தபோது 510! தராசு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இன்னொரு தராசிலும் அதே எடை.

காரணம் விந்துப்பைகள், அதாவது விந்துக்கான திரவத்தைச் சுரக்கும் பைகள். எலிக்கு அவை கொம்புபோல வளைந்து, புராஸ்டேட்டின் முன் மடலோடு ஒட்டியே இருக்கும். வயதான டிராம்ப் எலிகளில் வீங்கியும் போகும். டி2 என்ற எம்ஆர்ஐ பட வகையில் உள்ளே இருக்கும் திரவம் வெளிச்சமாகவும் கட்டி சாம்பலாகவும் தெரியும்தான். ஆனால் நான் 1 மில்லிமீட்டர் தடிமனில் குறுக்காக மட்டும் எடுத்திருந்தேன். அந்தத் தடிமனில் இரண்டும் கலந்து ஒரே சாம்பல் ஆகிவிட்டன, நானும் சேர்த்தே வரைந்துவிட்டேன்.

இப்போது 0.5 மில்லிமீட்டர், நீளவாக்கிலும் ஒரு தொகுப்பு. நேரம் கூடுகிறது, பரவாயில்லை. விந்துப்பையை நுனியிலிருந்து படம் படமாகப் பின்தொடர்ந்து முதலில் அதைக் குறித்துவிட்டு, மிச்சத்தைத்தான் கட்டி என்று வரைகிறேன். எந்த எலி என்று தெரியாமல் தோழி ஒருத்தியும் தனியாக வரைகிறாள். பழைய தொகுப்புகளில் எல்லை பிரியாத எலிகளை மனசில்லாமல் கணக்கிலிருந்து நீக்கினேன். போன வாரம் புது முறையில் எடுத்த எலிக்குப் படத்தில் 540, தராசில் 525. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.