அயித்தியாண்டி கையில் ஒரு ராஜா

எங்கள் வீட்டில் யாருக்கும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கும் பழக்கம் கிடையாது. ரம்மியில் ஜோக்கரும் இல்லை, ஒரு சீக்வென்ஸும் இல்லை என்றாலும் கடைசிவரை உட்கார்ந்து 80 பாயின்ட் ஃபுல்லாகக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இவர்களுக்குப் போக்கர் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பினார் அயித்தியாண்டி, அதாவது எங்கள் ஆச்சியின், அக்காவின், வீட்டுக்காரர்.

கானாடுகாத்தானில் பெரியப்பச்சியின், அதாவது பெரியப்பாவின், சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணத்துக்கு) முந்தின நாள் மத்தியானம். சாப்பாடு முடிந்து, பட்டாலையில் ஜமுக்காளம் விரித்தாயிற்று. அயித்தியாண்டி பெங்களூர்க்காரர். ராத்திரி முழுக்கப் போக்கர் வீடியோ பார்ப்பவர். ஆளுக்கு 50 புளியங்கொட்டை எண்ணி வைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். கையில் இரண்டு சீட்டு. நடுவில் முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று என்று ஐந்து சீட்டைத் திறப்பார்கள். ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கொஞ்சம் கொட்டை வைத்தாக வேண்டும், அதற்குப் பெயர் பிளைண்ட்.

"கோயிலுக்குக் கட்டுற புள்ளி வரி மாதிரியா?" என்றார் பெரியப்பச்சி. அதோடு பிளைண்ட் என்ற பேச்சே போய்விட்டது. ஆட்டம் முழுக்கப் புள்ளி வரிதான்.

உற்சாகம் ஊட்டுவதற்காக 2003-ஆம் வருடக் கதையையும் சொன்னார். அமெரிக்காவில் ஒரு கணக்காளர் இணையத்தில் ஆடித் தகுதி பெற்று, உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்துவிட்டு வந்தாராம். பெயர் கிறிஸ் மணிமேக்கர்.

"கணக்குப்பிள்ளை, பேரும் மணிமேக்கர். விசாரிச்சுப் பாருங்க மாப்பிள்ளை, நம்ம பக்கத்து ஆளா இருப்பான்" என்றார் பெரியப்பச்சி.

இரண்டு மூன்று கை சும்மா போனது. அப்புறம் வந்தது அந்தக் கை. எனக்கு ஏழும் மூன்றும். நான் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டேன். அயித்தியாண்டி கெத்தாக 6 கொட்டையைத் தள்ளிப் பந்தயத்தை ஏற்றி, ரெய்ஸ் என்றார். பயந்து ரெண்டு பேராவது ஒதுங்குவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார் போல. பெரியப்பச்சி, அப்பத்தா, அயித்தை, தம்பி, நான்கு பேரும் ஆளுக்கு 6 வைத்தார்கள். "கல்யாண வீட்ல எல்லாரும் போடுறப்ப நாம மட்டும் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று அயித்தை ஒரு நியாயமும் சொன்னாள்.

நடுவில் மூன்று சீட்டு திறந்தது. இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஒன்பது, ஆர்ட்டின் நாலு.

அயித்தியாண்டி முகத்தில் விளக்கு எரிந்தது. அவரிடம் ராஜாவும் ஐந்தும் இருந்தன. டாப் பேர், அதாவது நடுவில் கிடப்பதிலேயே பெரிய சீட்டோடு ஜோடி! எதிரே ஒரே ஒரு ஆள் இருந்தால் அது நல்ல கைதான். கையில் ஜோடி இல்லாமல் வருகிறவருக்கு முதல் மூன்று சீட்டில் 100-க்கு 67 தடவை ஒன்றுமே சேராது. ஆனால் எதிரே நான்கு பேர் என்றால் நான்கு பேருக்குமே ஒன்றும் சேராமல் போவது ஐந்து தடவைக்கு ஒரு தடவைதான். அதிலும் ராஜாவுக்குத் துணை ஒரு ஐந்து! இன்னொரு ராஜாக்காரன் கையில் கொஞ்சம் பெரிய துணை இருந்துவிட்டால் கதை முடிந்தது. நியாயமாக அந்த இடத்தில் கொட்டை எதுவும் வைக்காமல் செக் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வீடியோவில் எதிரே ஒரு ஆள்தான் இருந்திருப்பான். அப்பத்தா இருந்திருக்க மாட்டாள்.

12 கொட்டை வைத்தார். நான்கு பேரும் வைத்தார்கள். அடுத்து டைமன் ரெண்டு. 20 வைத்தார். "ஃபோல்டு பண்ணத் தெரிஞ்சவன்தான்டா பிளேயர்" என்று அவரே சொன்ன பாடத்தை நினைத்துத் தம்பி மட்டும் சீட்டைக் கீழே போட்டான். மற்ற மூன்று பேரும் யோசிக்கக்கூட இல்லை. கடைசிச் சீட்டு இஸ்பேட் பத்து. மிச்சமிருந்த 12-ஐயும் தள்ளி "ஆல் இன்" என்றார். "அதுக்கென்ன" என்றாள் அப்பத்தா.

அயித்தியாண்டி சீட்டை மெதுவாகத் திருப்பினார். "ரெண்டு ராஜா."

"என்கிட்டயும் ராஜா இருக்கே மாப்பிள்ளை. கூட ஜாக்கி" என்றார் பெரியப்பச்சி.

அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒன்பதையும் நாலையும் வைத்தாள். ரெண்டு ஜோடி. இதை எதற்கு வைத்துக்கொண்டு இருந்தீர்கள் என்று அயித்தியாண்டி கிட்டத்தட்ட அழுதார். "ஒன்பது நம்ம நகரத்தார் கோயில். நாலு என் பேரப்பிள்ளைக. எப்படிக் கீழ போடுறது?"

கடைசியில் அயித்தை, "இது எதுக்காவது ஆகுமான்னு பாருங்க, எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு" என்று இஸ்பேட் ராணியையும் ஏழையும் நீட்டினாள். ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனம். வரிசையைவிடவும் பெரிய கை.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அவனிடம் ராணியும் ஜாக்கியும் இருந்ததாம். பத்து வந்ததும் ஒன்பது முதல் ராஜா வரை வரிசை கட்டியிருக்கும். "கட்டினாலும் அயித்தைகிட்ட தோத்திருப்படா" என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. பாடம் சொன்னவர் மேல்தான் கோபம்.

218 கொட்டையும் அயித்தை மடியில். மூன்று பேர் கை காலி. ஆட்டம் தொடர வேண்டுமே? அயித்தை பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டுக் கடன் எழுத ஆரம்பித்தாள். 20 கொட்டைக்கு 2 கொட்டை வட்டி. மாப்பிள்ளை என்பதால் அயித்தியாண்டிக்கு மட்டும் 1. பர்மாவரை போய்க் கொடுத்து வாங்கிய பரம்பரை, விடுமா?

அடுத்த கையில் அவருக்கு இரண்டு ஏஸ். நான் பக்கத்தில் இருந்ததால் ஓரக்கண்ணில் தெரிந்தது. குரல் நடுங்க 6 என்றார். அந்த நேரம் பார்த்து இரண்டாம் கட்டிலிருந்து ஆத்தா, "வெள்ளைப் பணியாரம் சுட்டாச்சு, சூடா வாங்க" என்று கூப்பிட்டாள்.

எங்கள் வீட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சீட்டைக் கீழே வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏஸ்... ரெண்டு ஏஸ்!" என்று ஜமுக்காளத்தில் தனியாக உட்கார்ந்து காட்டிக்கொண்டிருந்தார் அயித்தியாண்டி.

"சரி சரி, புள்ளி வரிய எடுத்துக்கிட்டு வாங்க மாப்பிள்ளை. சட்னி தீந்துரும்" என்று பெரியப்பச்சி தாழ்வாரத்திலிருந்து குரல் கொடுத்தார்.