நெத்திலிக்கு ஏது கிலோ?

கல்லூரி முடித்ததும் நான் அனுப்பிய ரெஸ்யூமேவில் ப்ராஜெக்ட் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைசி வருஷம் நாலு பேர் சேர்ந்து காசு கொடுத்து வாங்கியது. முதல் இண்டர்வியூவில், "இதுக்கு டேட்டா எங்கிருந்து எடுத்தீங்க?" என்றார்கள். எனக்கே தெரியாது. அதோடு சரி.

அப்புறம் எட்டு மாதம் வீட்டில்தான். அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து, தண்டையார்பேட்டையில் தெருவோரம் மீன் விற்கிறார். கடன் கணக்கெல்லாம் ஒரு நோட்டில். பாதிப் பக்கம் மீன் தண்ணீர் பட்டு மை கரைந்திருக்கும். இந்த நோட்டையே ஒரு ஆப்பாகச் செய்வோம் என்று பைத்தான் மொழி, வெப் பக்கத்துக்கு ஃப்ளாஸ்க், பதிவுகளைச் சேமிக்க எஸ்கியூலைட் டேட்டாபேஸ் வைத்து, போனில் திறக்கிற மாதிரி எழுதினேன். மூன்றே நாள். பெருமை தாங்கவில்லை.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "இன்னாடா, எல்லாத்துக்கும் கிலோ கேக்குது? நெத்திலிய நான் என்னிக்கு எடை போட்டு குடுத்தேன்?"

வஞ்சிரம் கிலோ, நெத்திலி கூறு. அந்தக் கூறும் காலையில் ஒரு அளவு, வெயில் ஏறினால் வேறு அளவு. டேட்டாபேஸில் பதிவுகள் உட்காரும் டேபிளையே பிரித்து எழுத இரண்டு வாரம் ஆனது. அடுத்து ஒரு ஞாயிறு, அம்மாவும் சித்தியும் மாறி மாறிப் பதிய, 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று நின்றுவிட்டது. எஸ்கியூலைட்டில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும். எழுதியதை முடித்து அடுத்தவருக்கு வழி விடும் 'கமிட்' கட்டளையை நான் ஓரிடத்தில் கொடுக்காமல் விட்டிருந்தேன். கூட்டம் நிற்கும்போது அதைத் தேடியது மறக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். யாவாரம் படுத்திருந்த அந்த நாட்களில் ஆப்பின் புரோகிராமை ஒழுங்குபடுத்தி, மற்றவர்களும் பார்க்கிற மாதிரி கிட்ஹப் தளத்தில் போட்டேன். ரெஸ்யூமேவில் சேர்த்த அந்த லிங்கை எந்த எச்ஆரும் திறந்ததாகத் தெரியவில்லை. ஆப்டிடியூட் டெஸ்ட் எல்லோரையும் போல எழுதித்தான் தேற வேண்டியிருந்தது.

டெக்னிக்கல் ரவுண்டு பெருங்குடியில். (தண்டையார்பேட்டையிலிருந்து அங்கே போய்ச் சேர்வதே தனிப் பரீட்சை.) எதிரே இருந்தவர் கிட்ஹப்பில் கமிட்களை, அதாவது நான் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவையும், பார்த்துக்கொண்டே வந்து, ஒரு பெயரில் நின்றார். "கூறா? அப்படின்னா?" அதிலிருந்து நாற்பது நிமிஷம். அளவை ஏன் தனி டேபிளாக்கினாய், பழைய பதிவுகளை எப்படி மாற்றினாய், புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கிற டெஸ்ட் எங்கே? டெஸ்ட் எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டேன். மற்றதற்கெல்லாம் பதில் இருந்தது. திட்டு வாங்கித் தெரிந்துகொண்டவை ஆயிற்றே.

சம்பளம் சுமார்தான். சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மா நோட்டை இன்னும் விடவில்லை. நேற்று ராத்திரி, "டேய், சித்தி பாக்கி ரெண்டு தபா காட்டுது" என்றார்.