எத்தனை இஞ்ச் சார்?

என் கேமராவுக்குப் பை வாங்கப் பாரிமுனைப் பக்கம் எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை இஞ்ச் சார்?"

லேப்டாப்பைக் கேட்கிறார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். "4க்கு 5."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது செல்போன் சைஸ் சார். சட்டைப் பையிலயே போட்டுக்கலாமே."

4க்கு 5 இஞ்ச் என்பது கேமராவின் அளவு இல்லை, அதற்குள் போகும் ஃபிலிமின் அளவு. ரோல் எல்லாம் கிடையாது, ஒவ்வொரு படத்துக்கும் தனித் தாள். ஹோல்டர் என்று ஒரு சட்டம். அதன் இந்தப் பக்கம் ஒரு தாள், அந்தப் பக்கம் ஒரு தாள். பத்துப் படம் எடுக்க ஐந்து ஹோல்டர் தூக்க வேண்டும். கேமராவில் முன்னால் லென்ஸ் பலகை, பின்னால் படம் தெரியும் மங்கலான கண்ணாடி, நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. என்னுடையது மடக்கும் வகை மரக் கேமரா. மடித்தால் ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், அரைச் சாண் கனம். அப்புறம் தலையில் போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணி, ஃபோகஸ் பார்க்கப் பூதக்கண்ணாடி, வெளிச்சம் அளக்க லைட் மீட்டர், ட்ரைபாட். இத்தனையையும் இத்தனை நாள் ஒரு கட்டைப்பையில் போட்டு, கை மாற்றி கை மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தேன்.

மொத்தம் எவ்வளவு கனம் என்று தெரிந்தால்தானே பை வாங்க முடியும்? எங்கள் தெரு முனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். பத்து கிலோவுக்கு ஒட்டி வந்தது. கடைக்காரர் நான் விற்க வந்திருப்பதாகவே முடிவு செய்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரம் நாங்க எடுக்கறதில்ல சார். அந்தப் பித்தளையை மட்டும் கழட்டிக் குடுங்க, நல்ல ரேட் போட்டுத் தரேன்."

கேமராப் பை என்றே விற்கும் பைகளும் இருக்கின்றன. எல்லாம் எஸ்எல்ஆர் என்கிற சின்னக் கேமராக்கள் காலத்துப் பைகள். உள்ளே எங்கே பார்த்தாலும் தடுப்பு. தடுப்புகளை எல்லாம் பிய்த்துப் போட்டாலும் ஆழம் போதவில்லை, ஜிப் பாதியில் நின்றுவிடுகிறது. விலையை மட்டும் தாராளமாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது மலையேறுகிறவர்கள் மாட்டும் பை. இதில் ஒரு நல்ல விஷயம், இடுப்புப் பட்டை. பத்து கிலோவைத் தோளில் தொங்கவிட்டால் அரை மணியில் கழுத்து போய்விடும். இடுப்பெலும்பின் மேல் பட்டையை இறுக்கினால் பெரும்பங்கு பாரம் இடுப்புக்கு இறங்கிவிடும், தோள்பட்டை சும்மா பை சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். ஆள் உயரத்தைப் பார்த்து இந்தப் பையை வாங்கக் கூடாது. கழுத்தின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முதல் இடுப்பெலும்பு வரை முதுகின் நீளத்தை அளந்து வாங்க வேண்டும். அளந்து ஒன்று வாங்கினேன். பட்டையைத் தொப்பைக்கு மேலே கட்டுவதா கீழே கட்டுவதா என்று எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை. கண்ணாடி முன் நின்று நான் தடுமாறுவதைப் பார்த்து வீட்டம்மா சொன்னாள்: "எனக்குத்தான் ஒட்டியாணம் வாங்கித் தரல. நீங்களாவது போட்டுக்கிட்டீங்களே, சந்தோஷம்."

கெட்ட விஷயம், வாய் மேலே இருக்கிறது. அடியில் கிடக்கும் லைட் மீட்டரை எடுக்க மற்ற எல்லாவற்றையும் வெளியே பரப்ப வேண்டும். மலை உச்சியில் புல்தரை இருக்கும், பரப்பலாம். நான் போகிற இடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அங்கே தரையில் எதைப் பரப்பினாலும் அது மீன் தண்ணீரில்தான் பரப்பியதாகும்.

இந்தச் சமயத்தில்தான் கீழ் வீட்டுப் பையன், சாப்பாடு டெலிவரி செய்கிறவன், தன் பழைய பையைக் கொண்டுவந்தான். "அண்ணா, இத வெச்சிப் பாருங்க." பார்த்தால், சதுரமான பெரிய வயிறு, உள்ளே வெள்ளித் தாள், வெயில் உள்ளே போகாது. ஃபிலிமுக்குச் சூடு ஆகாது என்பதால் சித்திரை வெயிலுக்கு இதைவிட நல்ல பை கிடைக்காது என்றே தோன்றியது.

தண்டையார்பேட்டையில் நண்பன் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடிக்கு அதை மாட்டிக்கொண்டு போனேன். கட்டைப்பையோடு போனால் பேர், ஊர், யார் வீடு என்று நோட்டில் எழுத வைக்கிற வாட்ச்மேன் தலையே நிமிரவில்லை. அடடா என்று லிஃப்ட் பக்கம் திரும்பினேன். "ஏய், டெலிவரிக்கு லிஃப்ட் இல்ல. படி அந்தப் பக்கம்." ஐந்து மாடி. அந்தப் பையில் இடுப்புப் பட்டை கிடையாது. இரண்டாவது மாடியில் ஒரு பாட்டி கதவைத் திறந்து, "பிரியாணியாப்பா? அரை மணி நேரமா பாக்கறோம்" என்றார். மூன்றாவதில் கேமரா உள்ளே உருண்டு விழும் சத்தம் கேட்டது. இந்த மாதிரிப் படிகளை அந்தப் பையன் தினம் எத்தனை முறை ஏறுகிறானோ! பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவனுக்கு ஒரு பெரிய டீ வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் பைக்கு ஜிப் மாற்றித் தரும் பாயிடம் போனேன். மலைப் பையைக் காட்டி, "முதுகுப் பக்கமா திறக்கற மாதிரி ஒரு ஜிப் வெச்சித் தர முடியுமா பாய்?" என்றேன். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. முன்பக்கம் திறக்கும் பையை முதுகுப் பக்கம் தரையில் படக் கிடத்தினால்தான் திறக்க முடியும். அந்தச் சேற்றை அப்புறம் நாம்தான் முதுகில் சுமக்க வேண்டும். முதுகுப் பக்கம் திறந்தால் அழுக்கு வெளிப் பக்கத்தோடு நின்றுவிடும்.

"பொருளைப் பாக்காம நான் தைக்கறதில்ல சார்" என்றார். கேமராவை அவர் கடையிலேயே விரித்து நிறுத்தினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் உடனே வெளியே வந்தார்.

"தலைகீழா தெரியுது."

"அப்படித்தான் பாய் தெரியும்."

"ரிப்பேரா?"

"இல்ல பாய். லென்ஸ் வழியா வந்தா அப்படித்தான். இடம் வலமும் மாறித்தான் இருக்கும்."

"இவ்ளோ செலவு பண்ணியுமா?" என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். சந்தே வரிசையில் வந்து எம்.சி. ரோட்டைத் தலைகீழாகப் பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் வேலைக்காரர். யோகா மேட்டை வெட்டி உள்ளே தடுப்பு வைத்தார். தூசி புகாதபடி ஒவ்வொரு ஹோல்டருக்கும் மூடி போட்ட உறை. ஹோல்டரில் ஃபிலிம் மேல் வெளிச்சம் படாமல் மூடும் தகட்டுக்குப் பிடி ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் கறுப்பு. எடுக்காத படத்துக்கு வெள்ளை வெளியே, எடுத்ததற்குக் கறுப்பு. இதைச் சொன்னதும் அவராகவே உறைகளையும் வெள்ளையில் பாதி, கறுப்பில் பாதி தைத்துவிட்டார். வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பையில்கூட இது இருக்குமா தெரியாது.

பையோடு ஞாயிறு விடியற்காலை காசிமேடு போனேன். தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கரையேற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு படத்துக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும் என் கேமராவுக்கு ஓடாத படகுதான் தோது. பாய் வைத்த ஜிப் நன்றாகவே திறந்தது, மீன் தண்ணீர் வெளிப் பக்கத்தோடு நின்றது. வேலை முடித்துப் பையை முதுகில் ஏற்றி, பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்று சக்கர மீன்பாடி வண்டி மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்.

"எத்தினி படம் எட்த்த நைனா?"

"ரெண்டுங்கய்யா."

பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரெண்டுக்கு இம்மாம் பெரிய பையா? எதுக்கு முதுவ ஒட்ச்சிக்கினு. வண்டில ஏத்து. வண்ணாரப்பேட்டதானே, நூத்தம்பது குடு."

புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் அமெரிக்க மலைகளில் கேமராவைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிப் போனவர். பிற்காலத்தில் காரின் கூரையில் மேடை அமைத்து அதன் மேல் ட்ரைபாடை நிறுத்தினார். 1941இல் நியூ மெக்சிகோவில் நிலா எழும்போது எடுத்த அந்தப் புகழ்பெற்ற படம் அப்படிக் கார் மேல் நின்று எடுத்ததுதான். அவருக்கே வண்டி தேவைப்பட்டது என்றால் எனக்கு என்ன? ஏற்றினேன். வழியில் ராயபுரத்தில் ஒரு பழைய கட்டடம் கண்ணில் பட்டது. மீன்பாடி வண்டியின் பலகை நல்ல சமதளம். மேலேயே ட்ரைபாடை விரித்தேன். "அசையாம புட்ச்சினுகீறேன், நீ எடு" என்று பெரியவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, "அடுத்த ஞாயிறும் வருவீங்களாய்யா?" என்று கேட்டேன்.

"வரேன் நைனா. ஆனா ஜூன் பதினஞ்சுக்கு மேல மீன் லோடு வந்துடும். அப்பால ரேட்டு வேற."