சின்னம்மா வீடு பத்து நிமிஷம், நாங்கள் ஹோட்டலில்

கோலாலம்பூர் (கேஎல்) பக்கம் போனால் எங்கே தங்குவது என்று எங்கள் ஊரில் யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எந்த வீட்டைக் கேட்டாலும் கிள்ளானில் ஒரு மாமா, பூச்சோங்கில் ஒரு அக்கா, ரவாங்கில் ஒரு பெரியம்மா என்று யாராவது இருப்பார்கள். ஆஸ்பத்திரி, விமானம், நேர்முகத் தேர்வு, கல்யாணம், எதுவாக இருந்தாலும் ஒரு ஜோடி தம்புன் பம்ளிமாஸைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் இறங்கிவிடுவது. வருகிறோம் என்று சொல்வதே பல சமயம் வழியிலுள்ள தஞ்சோங் மாலிம் தாண்டிய பிறகுதான்.

இப்போது நான் ஹோட்டலில் ரூம் போடுகிறேன். அதுவும் சொந்தச் சின்னம்மா வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தூரத்தில். இதற்காகக் குடும்பத்தில் நடந்த பஞ்சாயத்து கொஞ்சநஞ்சமல்ல, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதே நிலைமையில் நிறைய பேர் இருப்பீர்கள், வெளியே சொல்லத்தான் கூச்சம்.

தம்பி மகளுக்கு சுபாங் ஜெயாவில் பட்டமளிப்பு விழா. காலை எட்டு மணிக்கெல்லாம் மண்டபத்தில் இருக்க வேண்டும், அன்றைக்கே சிப்புட்டிலிருந்து கிளம்பி வருவது நடக்கிற காரியமில்லை. நான், மனைவி, அம்மா மூவரும் முந்தின நாளே ரயிலில் வந்துவிடுவதாக ஏற்பாடு. எங்கள் ஊரில் ஈடிஎஸ் விரைவு ரயில் நிற்பதே பெரிய கொடுப்பினை. கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கிள்ளான் துறைமுகம் போகிற கொமுட்டர் புறநகர் ரயிலில் மாறினால் சுபாங் ஜெயா வந்துவிடும். "சின்னம்மாவுக்கு ஃபோன் போட்டுட்டியா?" என்று அம்மா கேட்டபோது நான் ரூமுக்குக் காசே கட்டி முடித்திருந்தேன்.

சின்னம்மா வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என்னை ஈவிரக்கமில்லாதவன் என்று நினைப்பீர்கள். மலிவு விலை அடுக்குமாடி, நான்காவது மாடி, 650 சதுர அடி. அதற்குள் சின்னம்மா, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். குளியலறை ஒன்றே ஒன்று. நாங்கள் போய் நின்றால் என்ன நடக்கும் என்பது எனக்கு அத்துப்படி. சின்னம்மா மகன் தன் அறையை எங்களுக்குக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு ஹாலில் படுப்பான், ராத்திரி பதினொன்றுக்கு ஷிப்ட் முடிந்து வந்த மனுஷன். பிள்ளைகளின் பள்ளிச் சீருடையெல்லாம் நாங்கள் படுத்திருக்கிற அறை அலமாரிக்குள் மாட்டிக்கொள்ளும். விடியற்காலை ஐந்தரைக்கு மருமகள் கதவை லேசாகத் தட்டி, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, சின்னவனோட காலுறை அதுக்குள்ள இருக்கு" என்பாள். குளியலறை வாசலில் ஒன்பது பேர் கியூ. யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், அதுதான் எனக்குத் தாங்காது. சுளித்தாலாவது அடுத்த தடவை வராமல் இருக்கலாம்.

ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது இந்தப் பிரச்சினை இல்லை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றும் இதைவிடப் பெரியதில்லைதான். ஆனால் முன்னால் அஞ்சடி என்கிற திண்ணை இருந்தது, வாசல் இருந்தது, மாமரத்தடி இருந்தது, போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலையும் சேர்த்துக் கொடுப்பார். பத்துப் பேர் வந்தாலும் பாயை விரித்தால் முடிந்தது வேலை. விருந்தோம்பல் அது இதுவென்று நாம் அடித்துக்கொள்கிற பெருமையில் பாதி அந்த அஞ்சடியின் தயவு என்பது என் கட்சி. வீட்டைக் காலி பண்ணி அடுக்குமாடிக்கு அனுப்பியவர்கள் அஞ்சடியையும் மூட்டை கட்டியா கொடுத்தார்கள்?

சரி, ஹோட்டலுக்கு வருகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை, நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற மலிவு ரகம். இந்த நாட்டில் இந்த ரகத்துக்குப் பாதை போட்டவர்கள் டியூன் ஹோட்டல்காரர்கள். 2007-ல் கேஎல் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் முதல் ஹோட்டலைத் திறந்தபோது படுக்கைக்கு ஒரு விலை, துண்டுக்கு ஒரு விலை, ஏர்கோனுக்கு மணிக்கணக்கில் ஒரு விலை என்று பிரித்துப் பிரித்து விற்றார்கள். நான் தங்கியது அது இல்லை, ஆனால் இப்போது எல்லா மலிவு ஹோட்டலும் அந்தப் பாடத்தில் கொஞ்சமாவது படித்து வைத்திருக்கிறது. செயலியில் 98 ரிங்கிட் என்று பளிச்சென்று போட்டிருந்தது. ஜன்னல் வேண்டுமா, 15 சேர்த்துக் கொடு. அப்புறம் 8 விழுக்காடு சேவை வரி, 2024 மார்ச்சில் 6-லிருந்து ஏற்றினார்களே, அது. ஆக 122 வெள்ளி, அதாவது ரிங்கிட், சொச்சம். சுற்றுலா வரி என்று ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு 10 ரிங்கிட் வாங்குவது வெளிநாட்டுக்காரர்களிடம் மட்டும்தான், நாம் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். பில்லில் அந்த வரி இருந்தால் சும்மா கட்டிவிட்டு வராதீர்கள். முன்பணம் 50 தனியாக, அதன் கதை பின்னால் வருகிறது.

ஜன்னலுக்குக் கொடுத்த 15 வெள்ளியைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஜன்னல் இல்லாத அறையில் ஒருமுறை படுத்துப் பாருங்கள், மணி ஏழா பதினொன்றா என்று ஃபோனைப் பார்த்தால்தான் தெரியும். வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அதை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள், நடுராத்திரி எழுந்து கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்கள்.

கவுண்டரில் இருந்தது நம்ம பையன், கோல கெட்டில் பக்கத்துத் தோட்டத்துக்காரன். அம்மாவைப் பார்த்ததும் "ஆண்ட்டி எந்த ஊரு?" என்று ஆரம்பித்து, பன்னிரண்டு மணி நேர வேலை, நாலு பேர் சேர்ந்து கடைவீட்டு மாடியில் ஓர் அறை என்று தன் கதையையும் சொல்லி முடித்துவிட்டான். அவன் செய்த நல்ல காரியம், கேசாஸ் நெடுஞ்சாலையைப் பார்த்த அறையை மாற்றி உள்பக்கம் கொடுத்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி மோட்டார் பையன்கள் அந்தச் சாலையில் என்ன பண்ணுவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும். நீங்களும் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தரமாட்டார்கள்.

அறை அப்படியொன்றும் மோசமில்லை. இரட்டைக் கட்டில், அதன் பக்கத்தில் ஒற்றைக் கட்டில், நடுவில் ஒருச்சாய்த்துத்தான் நடக்கலாம். கூரையில் முஸ்லிம்கள் தொழுகிற கிப்லா திசை காட்டுகிற பச்சை அம்புக்குறி. கதவுக்குப் பின்னால் தடை செய்யப்பட்ட பொருள்களின் படம்: டுரியான், மங்குஸ்தீன், சிகரெட், மருதாணி, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு. டுரியான் நாற்றத்துக்கு, மங்குஸ்தீன் கறைக்கு. அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லவேள, ரெண்டும் எடுத்தாரல" என்றார். அதைத் தவிர எல்லாமே எடுத்து வந்திருந்தார். ரொட்டி, நெத்திலி சம்பல், மைலோ, மூன்று மங்கு, வீட்டுத் துண்டு, தலையணை உறை, கொசுவத்தி, விளக்கமாறு ஒன்றுதான் பாக்கி. கெட்டிலில் சுடுதண்ணி வைத்து, கட்டில் ஓரத்தில் பேப்பர் விரித்து அங்கேயே இரவுச் சாப்பாடு ஆனது. வாடகை எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். "நான் மரம் வெட்டுன காலத்துல இது ஒரு மாசச் சம்பளம்டா." என் மனைவி அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போய்விட்டாள்.

சின்னம்மா வந்தார். சொல்லாமல் இருந்தால் மண்டபத்தில் பார்த்து மானம் போய்விடும் என்று நான்தான் ஃபோன் பண்ணியிருந்தேன். கையில் அடுக்குத் தூக்கு, பின்னால் பேரப்பிள்ளைகள் மூவர். அறைக்குள் வந்து கட்டில் நுனியில் உட்கார்ந்தார், பேசவில்லை. மெத்தையை உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். "கோழி ரெண்டு அறுத்து வச்சேன்" என்றார் சுவரைப் பார்த்து. அம்மா உடனே என்னைக் கைகாட்டிவிட்டார். உடன்பிறப்புகள் இருவரும் ஒன்றாகி என்னைப் பத்து நிமிஷம் காய்ச்சி எடுத்தார்கள். பிள்ளைகள் அதற்குள் ஏர்கோனை 16-க்கு இறக்கி, போர்வைக்குள் புகுந்து ஒரே கூத்து.

அப்புறம் எதேச்சையாக எழுந்து ஜன்னல் பக்கம் போனார் சின்னம்மா. அங்கேதான் அந்த இரவே வேறு மாதிரி ஆனது. "இங்கதான உங்க சித்தப்பா நெர இருந்துச்சு" என்றார். நெர என்றால் பால் வெட்ட ஒருவருக்கு ஒதுக்கிய ரப்பர் மர வரிசை. சுபாங் ஜெயா, சீபீல்டு ரப்பர் தோட்டத்தின் மேல் எழும்பிய ஊர், 1976-ல் வீடுகள் கட்ட ஆரம்பித்து, எண்பதுகளின் கடைசியில் பக்கத்து யூஎஸ்ஜே குடியிருப்பு வரை நீட்டிக்கொண்டே போனார்கள். சின்னம்மா கல்யாணமாகி வந்தது அந்தத் தோட்டத்துக்குத்தான், சித்தப்பாவும் அவரும் ஜோடியாகப் பால் வெட்டியவர்கள். "அந்த எல்ஆர்டி தூணு நிக்குதே, அதுக்குக் கிட்டத்தான் பால் ஸ்டோரு. இல்ல இல்ல, கோயிலு அந்தாண்டன்னா ஸ்டோரு இந்தாண்டல்ல வரணும்? ரோட்டத் திருப்பித் தொலச்சிட்டானுங்க, ஒண்ணும் புடிபடல." விரலால் கண்ணாடியில் கோடு போட்டுப் போட்டுப் பார்த்தார். அம்மாவும் போய் நின்றுகொண்டார். தீபாவளிக்கு வந்தபோது ஆட்டுக்கறி வாங்கிய இடம், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற ஆயாக்கொட்டகை, தோட்டத்துப் பெரிய கிராணி (குமாஸ்தா) வீட்டு நாய் துரத்திய ஓடைக்கரை என்று இருவரும் வாகன நிறுத்துமிடத்துக்கு மேல் ஒரு தோட்டத்தையே வரைந்து முடித்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் கேஎல் சுற்றுவட்டாரத்தில் எங்கே ரூம் போட்டாலும் ஏறக்குறைய இதே கதைதான். ஷா ஆலாம் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். பண்டார் உத்தாமா முன்பு எஃபிங்ஹாம் தோட்டம். புத்ராஜெயா முன்பு பிராங் புசார் தோட்டம், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 1921-ல் திறந்தது. அங்கே இருந்த நம் சனங்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள், சுவர் விரிசல் விட்டுப் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. வாடகை எவ்வளவு என்று சின்னம்மாவும் கேட்டார். அம்மாவே சொன்னார், கொஞ்சம் கூட்டியே சொன்னார். "நாங்க சும்மா படுத்துக் கெடந்த எடம்டா இது, நூத்தி முப்பதா?" என்று சிரித்தார் பாருங்கள், அதோடு கோழிக் கோபம் தீர்ந்தது. தூக்கில் இருந்த கறியும் தீர்ந்தது. போகிற நேரத்தில், "அந்தச் சுடுதண்ணி எப்படித் திருகணும்?" என்று கேட்டுவிட்டு ஒரு குளியலும் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். வீட்டில் ஆறு பேருக்கு ஒரு குளியலறை என்றால் யாரும் கதவைத் தட்டாமல் குளிப்பது பெரிய விஷயம், அரை மணி நேரம் உள்ளேயே இருந்தார்.

மறுநாள் விழா நன்றாக நடந்தது. மேடையில் எங்கள் பிள்ளை தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு நடந்த நாலு விநாடியை அம்மா இன்னும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முன்பணக் கதை. காலையில் அவசரத்தில் அம்மா குளித்து விபூதி, குங்குமம் இட்டுக்கொண்டு ஹோட்டல் துண்டால் முகத்தைத் துடைத்திருக்கிறார். வீட்டுத் துண்டு எடுத்து வந்தது தலை துவட்ட மட்டுமாம். சாவிக் கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆள் வெள்ளைத் துண்டைக் கண்காட்சிப் பொருளாக விரித்துக் காட்ட, 50-லிருந்து 20 போனது. கவுண்டரில் அந்தக் கோல கெட்டில் பையன் இல்லை, வேறு ஆள். டுரியானுக்குப் படம் போட்டிருக்கிறீர்கள், மருதாணிக்குப் போட்டிருக்கிறீர்கள், இந்தியர்கள் வந்து தங்குகிற இடத்தில் குங்குமத்துக்கு ஏன் ஒரு படம் இல்லை என்று கேட்டேன். கொள்கை என்றார்கள். கறை என்றால் கறைதான், அதை நான் மறுக்கவில்லை, சொல்லாத சட்டத்துக்கு 20 வெள்ளி என்பதுதான் வயிற்றெரிச்சல். நெற்றிக்கு இடுகிறவர்கள் கறுப்புத் துண்டு ஒன்று கையோடு கொண்டு போங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அடுத்த முறையும் ஹோட்டல்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன், அம்மாவும் இப்போது அவ்வளவாக மறுப்பதில்லை. சின்னம்மாவைப் பார்க்கப் போனால் பார்க்கத்தான் போகிறோம், அவர்கள் படுக்கையைப் பிடுங்க இல்லை.

ஆனால் போன வாரம் ஒரு புதுச் சிக்கல். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சின்னம்மா அம்மாவுக்கு ஃபோன் பண்ணியிருக்கிறார். பேசி முடிக்கும்போது, "சிப்புட்டுல அந்த மாதிரி ரூமு கெடைக்குமா, இல்ல ஈப்போவுலதான் போடணுமா? உனக்கு எதுக்கு வீண் செரமம்" என்று கேட்டாராம். அம்மாவுக்கு வந்ததே கோபம். "இங்க மூணு ரூமு சும்மா கெடக்கு, அவளுக்கு ஹோட்டலு கேக்குதாம், எல்லாம் நீ பழக்கி விட்டது" என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத்தான் அர்ச்சனை. சின்னம்மா மகன் வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்டான், ஈப்போவில் ஜன்னலோடு நல்லதாக ஒன்று பார்த்து அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.