கொப்பியில ஒரு மாட்டுக்குறி: குடும்பிமலைப் பக்கம் ஒரு நாள்

கூட்டாளி ஒருத்தன் மட்டக்களப்புல குடும்பிமலைப் பக்கத்துல படிப்பிக்கிறான், "ஒருநாளைக்கு வா மச்சான், வந்து பாத்தாத்தான் விளங்கும்" எண்டு கனநாளா கூப்பிட்டவன், போன கிழமைதான் வசதி வந்திச்சு. கிரான்ல இருந்து மேற்கால புலிபாய்ந்தகல் தாண்டினா முதல்ல வயல், பிறகு காடு, தூரத்துல முடிய அள்ளிக் கட்டின மாதிரி அந்தக் கல்லுமலை. சிங்கள ஆக்களுக்கு அது தொப்பிகல, எங்களுக்குக் குடும்பி. மாரி வெள்ளம் ஏறினா இந்த றோட்டுல போட்லதான் போகணும், டீச்சர்மாரும் அப்பிடித்தான்.

நாலாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன்ர கொப்பிய எடுத்துப் பாத்தன். பழைய பேப்பர்ல உறை, மூலையெல்லாம் சோத்தால ஒட்டியிருக்கு, பேருக்குப் பக்கத்துல வளைஞ்ச ஒரு கோடு, கீழ ஒரு புள்ளி.

"இது என்ன மகன்?"

"எங்கட மாட்டுக்குறி சேர், ஆர்ர மாடு எண்டு தெரிய மாட்டுல சுடுற அடையாளம், கொப்பி துலைஞ்சாலும் ஆர்ர எண்டு எல்லாருக்கும் தெரியும்."

உண்மைதான், வகுப்புல எந்தப் பிள்ளையக் கேட்டாலும் ஆர்ர குறி எது எண்டு டக்கெண்டு சொல்லுது. தகப்பன்மார் மாட்டுப் பட்டி வச்சிருக்கிற பட்டிக்காரர், பெரும்போக வெள்ளாமை தொடங்கினா மாட்டை மயிலத்தமடு, மாதவனைக்குச் சாய்ச்சிட்டுப் போயிருவாங்க, அந்த மேய்ச்சல்தரையும் பறிபோகுது எண்டுதான் 2023ல சித்தாண்டியில றோட்டோரம் போராட்டமாக் குந்தினாங்க. தகப்பனுக்கு ஏலாம வந்தா மூத்த பொடியன் பட்டிக்குப் போகணும், பிறகு பள்ளிக்கூட வரவு இடாப்புல அவன்ர பேர் மட்டும்தான் இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்புல விருப்பமில்ல எண்டு டவுண்ல இருந்து கதைக்கிறாக்கள் ஒருக்கா வந்து பாக்கணும், எனக்கு உண்மையா கோபம் வந்திச்சு.

அந்தப் பொடியன்ர அம்மாவும் வந்திருந்தா. 2007ல இந்த மலைக்கு ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை நடக்கக்குள்ள அவ முகாம்ல, படிப்பு அதோட சரி. "நான் ஆறாம் ஆண்டோட நிண்டன் அண்ணன், இவன் அஞ்சாம் ஆண்டு ஸ்கொலசிப் சோதினை பாஸ் பண்ணினா வைகாசிச் சடங்குல கண்ணகி அம்மனுக்குப் பொங்குறதா நேந்திருக்கன்" எண்டா. சொல்லக்குள்ள கை அவன்ர கொப்பி உறையத் தடவிக்கொண்டே இருந்திச்சு.

ஒண்டரைக்கு பெல் அடிச்சிது. யானை வாற பாதை எண்டதால சின்னதுகள நடுவுல விட்டு பெரிய பிள்ளைகள் முன்னுக்கும் பின்னுக்கும், எல்லாம் ஒரே கூட்டமா நடக்கத் தொடங்கிச்சு. கடைசிப் பிள்ளை வளைவுல மறையுமட்டும் கூட்டாளி கேட்டடியில நிண்டான், பைக்க ஸ்டார்ட் பண்ணவே இல்ல.